பெயரை நீங்களே சொல்லுங்கள்

"காலமை எழும்பி நடந்த மனுசன், ஊசி போட்டாப் பிறகு ஏன் டொக்டர் இப்பிடி வேர்த்து விழுந்தவர்?"

பரந்தனிலிருந்து காய்ச்சலோடு வந்து ஆஸ்பத்திரி வாட்டில் இருந்த வீரகத்தியின் மகள் சிவதர்சினி கேட்ட கேள்வி இது. டொக்டர் கலிஸ்ரா, "பாப்பம்" என்றுவிட்டு வெளியே போனார்.

முல்லைத்தீவுக் கரையில் மீன்பிடிக்கும் யாக்கோப்புவின் மகள் அவர். வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச நாள்தான். வீரகத்திக்குப் பக்கத்துக் கட்டிலில் சின்னராசா என்றொரு நீரிழிவு நோயாளி. ஃபான் காற்றுக்காக இருவரும் தங்களுக்குள் கட்டிலை மாற்றியிருந்தார்கள். கலிஸ்ரா ஊசியோடு வந்து, "சின்னராசா ஐயாதானே?" என்று கேட்டார். "ஓம் பிள்ளை" என்று கையை நீட்டியவர் வீரகத்தி. நீரிழிவில்லாத உடம்பில் இன்சுலின் ஏறியது. குளுக்கோஸ் கொடுத்து ஆளை மீட்பதற்குள் கலிஸ்ராவுக்கு உயிர் போய் வந்தது.

"ஆள் தப்பிட்டார்தானே. வாயைத் திறவாதையும்," என்றார் மூத்த மருத்துவர்.

கலிஸ்ராவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. சாப்பாட்டுப் பார்சலை விரித்து, அப்படியே மூடினார். படிகளில் ஏறி இறங்கினார். சொன்னால் வேலை என்னாகும்? சொல்லாவிட்டால் அடுத்த முறை யாருக்கு? கடைசியில் கட்டிலடிக்குப் போய் நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டார்.

சிவதர்சினி எழும்பிவிட்டாள். "என்ர அப்பா செத்திருந்தா?"

"செத்திருக்கவும் கூடும், தங்கச்சி."

வீரகத்தி மகளின் கையைப் பிடித்து இருத்தினார். "நானுமெல்லோ ஓம் எண்டனான். இடம்பெயர்ந்து இருந்த முகாமில பேர் வாசிக்கேக்க ஓம் எண்டு முன்னுக்குப் போனாத்தானே சாமான் தந்தவை. பெரியாக்கள் என்ன கேட்டாலும் வாயில அதுதான் வருது."

"கலியாணத்துக்கும் இப்பிடித்தான் ஓம் எண்டவராம். அம்மா இண்டைக்கும் சொல்லி ஏசுறவா," என்றாள் மகள், கோபம் ஆறாமலே.

அன்றுமுதல் இன்றுவரை கலிஸ்ராவின் வேலைக்காலமெல்லாம் அந்த 'ஓம்'மோடு ஒரு சண்டைதான். அதன்பிறகு பெயரைத் தான் சொல்லாமல், "உங்கட பேர் என்ன?" என்று மட்டுமே கேட்டார். கிளிநொச்சி, வவுனியா என்று போன இடமெல்லாம் தாதியருக்கும் அதையே பழக்கினார். பிழை விட்டவரை ஏசாமல், தன் பிழையை முதலில் சொன்னார்.

"காலமையும் கேட்டனீங்கள் டொக்டர். மறதிக்கு மருந்து எடுக்கேல்லையோ?" என்று நோயாளர் பகிடி பண்ணினால் சிரிப்பார். ஆனாலும் வாசல்வரை போனவர் திரும்பி வந்து மருந்தை இன்னொருமுறை பார்ப்பார்.

போன மாதம் ஒரு புதுத் தாதி அவசரத்தில், "புனிதமலர்தானே?" என்று ஊசியோடு வந்தாள். கட்டிலில் இருந்தவர், "இல்லை, நான் விமலேஸ்வரி" என்றார். ஊசி நின்றது. பக்கத்தில் நின்ற கலிஸ்ரா அப்போதும் ஆறுதலாக மூச்சுவிடவில்லை. "இவா இல்லை எண்டு சொன்னவா. சொல்லாத ஆக்கள் எத்தினை பேரோ?" என்றபடி அடுத்த வாட்டுக்கு விரைந்தார்.

இதை வாசித்த நீங்கள், மருத்துவமனைக்குப் போகும் உங்கள் வீட்டாருக்கும் அயலாருக்கும் இந்தக் கதையைச் சொல்லிவிடுங்கள். எதற்கும் ஓம் சொல்லிப் பழகியவர்களுக்கு முதலில் சொல்லுங்கள்.