ஒரே ஆணியில் ஒரு தத்துவஞானி

"இந்த வூட்ல யாருக்குடி படத்துக்கு அர்த்தம் தெரியும்? தூக்கிக் குப்பைல போடு."

சொன்னவர் அத்தை, அப்பாவின் அக்கா. நான் அப்போது ஆறாம் வகுப்பு. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள்.

கீழ்க்கட்டளையில் அப்பா வாடகை வேன் ஓட்டிக்கொண்டிருந்தார். குரோம்பேட்டையில் யாரோ வீடு காலி செய்தபோது வேண்டாமென்று ஒதுக்கிய படத்தை எனக்கென்று கொண்டுவந்தார். ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகளுக்கு முன் வரைந்த ஓவியத்தின் அச்சு. கறுப்பு அங்கி, நரைத்த தாடி, கையில் மூடிய புத்தகம், மேசையில் ஒரு மண்டை ஓடு. அடியில் இருந்த ஆங்கிலச் சொல்லை அகராதியில் தேடி, 'தத்துவஞானி' என்று வீட்டுக்கு நான்தான் அறிவித்தேன்.

"அது இன்னா வேலை?" என்றார் அத்தை.

யோசிக்கிற வேலை என்றேன். அதற்கு யார் சம்பளம் கொடுப்பார்கள் என்று கேட்டார்.

எங்கள் வீட்டுச் சுவரில் இருந்தது ஒரே ஆணி. அம்மாவுக்கு ஏழாம் மாதம். பிள்ளைத்தாச்சி இருக்கும் வீட்டில் புதிதாக ஆணி அடிக்கக் கூடாது. அந்த ஆணியில் மாட்டத்தான் அத்தை கொழுகொழுவென்று ஒரு குழந்தைப் படம் வாங்கி வந்திருந்தார். தினமும் மண்டை ஓட்டில் விழித்தால் பிள்ளைக்கு ஆகாது, போதாக்குறைக்கு ஆளும் அழுமூஞ்சி என்பது அவர் கட்சி. அம்மா படத்தருகே போய்ப் பார்த்துவிட்டு, அழவில்லை, சிரிப்பை அடக்கிக்கொண்டிருக்கிறார் என்றார். நான் கையால் படத்தில் அவர் வாயை மறைத்தேன். கண்கள் சோகமாக இருந்தன. கண்களை மறைத்தேன், உதடு சிரித்தது. அந்த முகம் கைவிட்டுப் போகப்போகிறதே என்று எனக்குத்தான் அழுகை வந்தது.

அப்பா ஸ்டிக்கர் கோலத்திலிருந்து ஒரு தாமரையைக் கத்தரித்து, கண்ணாடியின் மேல் மண்டை ஓடு தெரியாதபடி ஒட்டினார். குழந்தைப் படத்தைப் பீரோக் கதவில் ஒட்டினார். பிறகு அத்தையிடம் சொன்னார்:

"அவரு இன்னும் படிச்சி முடிக்கலக்கா. யாரோ கூப்ட்டாங்கன்னு புக்குல வெரல வச்சிகினு நிமுந்து பாக்குறாரு. இருந்துட்டுப் போட்டும்."

உற்றுப் பார்த்தேன். மூடிய புத்தகத்துக்குள் ஒரு விரல் இருந்தது.

அப்போது எனக்குத் தாமரை மேல்தான் கோபம். நல்ல படத்தைக் கெடுத்துவிட்டாரே என்று அப்பாவோடு பேசாமல் இருந்தேன். சாவை மறக்காதே என்று சொல்லத்தான் அந்தக் கால ஓவியர்கள் மண்டை ஓட்டை வைத்தார்கள் என்பது தெரியாது. அதைவிட, ஒரு பக்கமும் படித்தறியாதவரின் கண்ணில் அந்த விரல் எப்படிப் பட்டது என்று கேட்கத் தோன்றவில்லை. வீட்டில் புத்தகமும் கையுமாக அவர் பார்த்திருந்த ஒரே ஆள் நான். சாப்பிடக் கூப்பிட்டால் அப்படித்தான் நிமிர்வேனாம்.

இந்த ஆண்டு கலை வரலாறு முதுகலையில் சேர்ந்துவிட்டேன். முதல் கட்டுரையையும் கொடுத்தாயிற்று: 'உருவப்படங்களில் கைகள்'.