ஞானசேகருக்குப் பிடித்தவை

மாட்டுக் குளம்பை வெட்டிச் சீழ் எடுக்கும் வீடியோவைப் பார்த்துக்கொண்டே சோறு தின்ன ஞானசேகர் ஒருவரால்தான் முடியும். கால்நடை ஆஸ்பத்திரியில் உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். "திங்கிற நேரத்துல இந்தக் கருமத்தப் பாக்காட்டி என்ன?" என்று மனைவி ஞானபூரணி தட்டைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்குப் போய்விடுவாள்.

காரைக்குடியில் ஒரு பள்ளிக்கூடத்தில் அவள் சத்துணவு அமைப்பாளர். அவள் பார்த்து இறக்கிய அரிசியில் புழு கிடந்ததென்று இன்றுவரை ஒருவர் சொன்னதில்லை. அழுக்கு என்றாலே ஆகாது அவளுக்கு.

மகள் ரீனா கோயம்புத்தூரிலிருந்து வாங்கி அனுப்பிய டிவியின் தலையில் ஒரு கேமரா. முன்னால் உட்கார்கிறவர் முகத்தைப் பார்த்து, பேர் சொல்லிக் கூப்பிட்டு, அவருக்குப் பிடித்ததை வரிசையாகக் கொண்டுவந்து வைக்கும். பூரணிக்கு ஜெபமாலையும் சீரியலும். அவருக்குக் குளம்பு.

மாரடைப்பில் அவர் போன பிறகு, பூரணி ரிமோட்டால் டிவியில் அவர் பேரில் இருந்த பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு சாயங்காலக் காப்பியைக் குடிக்கப் பழகினாள். குமட்டும். இருந்தாலும் பார்ப்பாள். அந்த வீட்டில் அவர் மிச்சம் இருந்தது அங்கேதான்.

பிறகு அந்தப் பக்கம் கெட ஆரம்பித்தது. முதலில் சீட்டாட்ட விளம்பரம். அடுத்து ஈரச் சேலைக்காரிகள். போகப்போகச் சேலையும் இல்லை. 'ஞானசேகர், உங்கள் ரசனைக்கு ஏற்றவை' என்று மேலே கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. சாக்கடை அடைத்துக்கொண்டு வீட்டுக்குள் ஏறியது போல இருந்தது அவளுக்கு. ஆளறிந்து கொடுக்கிற டிவியாயிற்றே! இருந்த காலத்தில் ஒளித்துப் பார்த்ததுதான் இப்போது மேலே மிதக்கிறது என்று நினைத்தாள். மகளிடம் இதை எந்த வாயால் கேட்பது?

வருஷப் பூசைக்கு அவர் பேரை எழுதிக் கொடுக்க வேண்டும். அவள் மாதா கோயில் வாசலைக் கடந்து கடந்து போனாள். உள்ளே நுழையக் கால் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கொழுந்தன் மரிய ஜெரால்டு வந்தான். பகலில் அவள் பள்ளிக்கூடம் போனதும் ஆட்டுக்குத் தண்ணி காட்ட வருகிறவன். வீட்டுச் சாவி ஒன்று அவனிடம் உண்டு. அண்ணனை உரித்து வைத்த முகம். அதே மூக்கு, அதே வழுக்கை.

"என்ன மதினி, பூசைக்கு இன்னும் எழுதிக் குடுக்கலையாம்ல? ஃபாதர் கேக்குறாரு."

"ஒங்க அண்ணனுக்குப் பூசை ஒண்ணுதான் கொறச்சல்."

"செத்த மனுசனப் போயி இப்புடிப் பேசுறீகளே!" என்றபடி டிவிக்கு முன்னால் கிடந்த நாற்காலியில் சாய்ந்தான்.

ஓடிக்கொண்டிருந்த ஜெபமாலை சட்டென்று நின்றது. "வணக்கம் ஞானசேகர். விட்ட இடத்திலிருந்து தொடரலாமா?" என்றது டிவி. பாதியில் நின்ற ஒரு படம் திரை முழுக்க விரிந்தது.

ஜெரால்டு ரிமோட்டுக்குப் பாய்ந்தான். அது பூரணியின் கையில் இருந்தது.

"மெஷினு... ஏதோ தப்பாச் சொல்லுது மதினி..."

"தப்பாத்தான் சொல்லுது. ஒன்னயப் போயி எங்க வீட்டுக்காரரு பேரச் சொல்லிக் கூப்பிடுதே! தெனம் ஆட்டுக்குத் தண்ணி காட்டுன லச்சணம் இதுதானா? ஒம் பீய அள்ளிச் செத்தவரு தலையில கொட்டிருக்கியேடா."

"மதினி, ரீனாவுக்குத் தெரிய வேணாம்..."

"சாவிய வையி."

"ஆட்டுக்குத் தண்ணி?"

"தண்ணியில்லாமச் செத்தாலும் சாகட்டும். வையி!"

அவன் போனதும் நாற்காலியைப் பினாயில் விட்டுத் துடைத்தாள். அவன் தொட்ட சாவியையும் கழுவினாள். அருவருப்பு அப்போதும் அடங்கவில்லை. அதில் பாதி தன்மேல்தான். இத்தனை வருஷம் கூட வாழ்ந்த மனுசனை விட்டு, ஒரு பெட்டியை நம்பிவிட்டாளே!

கோயிலுக்குப் போய்ப் பூசைக்கு எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள். அவர் பக்கத்தைத் திறந்து, அரிசியில் கல் பொறுக்குவது போல அந்தக் குப்பைகளை ஒவ்வொன்றாக நீக்கினாள். பிறகு கேமராவைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னாள்: "மாட்டுக் குளம்பு."

கத்தி இறங்கியது. கறுப்பாகச் சீழ் பீச்சியது. பூரணி முகத்தைச் சுளித்துக்கொண்டே காப்பியை எடுத்து ஒரு வாய் குடித்தாள்.