குளிக்க வந்த பிள்ளைகள்

கோபம் வந்தால் கோமளத்தின் குரல் இறங்கிவிடும். அவளைத் தெரிந்தவர்கள் அதற்குத்தான் பயப்படுவார்கள்.

அல்சூரில் பிறந்தவள். கல்யாண மண்டபங்களில் சமைத்துக்கொண்டிருந்தாள். பந்தி முடிந்து எறிந்த இலைகளைத் தெருப்பிள்ளைகள் வழித்துத் தின்பதும், மண்டபத்துக் காவலாளி அவர்கள்மேல் தண்ணீர் பீய்ச்சி விரட்டுவதும் ஒருநாள் பொறுக்காமல் போயிற்று. அந்த வேலையை விட்டாள்.

ஒக்கலிபுரத்தில் மாநகராட்சியின் பழைய பள்ளிக் கட்டடம் ஒன்றை, ரயில் நிலையத்தில் பாட்டில் பொறுக்கித் திரிந்த பெண்பிள்ளைகளுக்கு விடுதியாக்கியிருந்தார்கள். கட்டடம் மாநகராட்சியுடையது; நடத்துவது ஒரு தொண்டு நிறுவனம். அங்கே சமையலுக்குச் சேர்ந்தாள் கோமளம்.

ஒரு கோடையில் போர்வெல் மோட்டார் எரிந்துபோனது. நடத்துகிறவர்கள்தான் சரிசெய்ய வேண்டும் என்றது மாநகராட்சியின் வார்டு ஆபீஸ். கட்டடத்துக்காரர்கள்தான் மாற்ற வேண்டும் என்றது நிறுவனம். இந்தப் பேச்சு நீண்டுகொண்டே போக, கோமளம் தெருக்குழாயில் குடம் குடமாகப் பிடித்துச் சமையலை ஒப்பேற்றினாள். குளிக்கத் தண்ணீர் இல்லை. பிள்ளைகளுக்குச் சிரங்கு கண்டது.

ஒருநாள் நான்காவது படிக்கும் மமதா பள்ளியிலிருந்து பாதியில் திரும்பி வந்தாள்.

"நாத்தம் அடிக்குதாம் ஆன்ட்டி. குளிச்சிட்டு வான்னு மிஸ் அனுப்பிட்டாங்க. ஸ்டேஷன்லயே இருந்திருக்கலாம். அங்க குழாய்ல தண்ணி வரும்."

கோமளம் அடுப்பை அணைத்துவிட்டு, நிறுவனத்தின் மேலாளர் சௌம்யாவைப் போனில் கூப்பிட்டாள்.

"கார்ப்பரேஷனோட நாம சண்டை போட முடியாது, கோமளம்மா. பில்டிங்கத் திருப்பி வாங்கிட்டாங்கன்னா எங்க போறது? கொஞ்சம் பொறுங்க."

"பொறுத்துதான் மேடம் சிரங்கு வந்திருக்கு."

மறுநாள் காலை பக்கெட், சோப்பு, துண்டோடு பிள்ளைகளை வார்டு ஆபீசுக்கு நடத்திக்கொண்டு போனாள். அங்கே மாடித் தொட்டி நிரம்பிச் சுவரெல்லாம் வழிந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்ததும் அவளுக்குக் கோபம் தலைக்கு ஏறியது. பெண்கள் கழிப்பறைக்குள் ஒவ்வொருத்தியாக அழைத்துக் குளிப்பாட்டினாள். சோப்பு நுரை வராண்டாவரை ஓடியது.

வார்டு பொறியாளன் கிரண் ஓடிவந்து கன்னடம் கலந்த தமிழில் கத்தினான். "ஏனம்மா இது? ஆபீசு கணம்மா இது. யாரக் கேட்டு உள்ள வந்தே?"

"தண்ணி இங்கதான் வருது சார். அங்க வர்ற வரைக்கும் தினம் வருவோம்."

"போலீசக் கூப்பிடுவேன்."

"கூப்பிடுங்க. புள்ளைங்க குளிச்சது என்ன குத்தம்னு அவங்களையே கேப்போம்."

வரி கட்ட நின்றவர்கள் வரிசையை விட்டு வந்து சுற்றி நின்றார்கள். கிரண் அவர்களைப் பார்த்தான். பிறகு உள்ளே போய்விட்டான்.

அன்று சாயங்காலமே தண்ணீர் லாரி வந்தது. அந்த வாரமே புது மோட்டார் வந்தது. பின்னாலேயே கிரணும் சௌம்யாவும் புகைப்படக்காரரோடு வந்தார்கள். 'கூட்டு முயற்சியின் வெற்றி' என்று ஒரு பேனர். பிள்ளைகளைக் குழாயடியில் நிறுத்தச் சொன்னார்கள்.

"ஸ்கூலுக்கு நேரமாச்சு" என்று எல்லோரையும் கிளப்பிக்கொண்டு போய்விட்டாள் கோமளம். மமதாவின் வகுப்புவரை போய் மிஸ்ஸிடம், "இனிமே ஏதாவதுன்னா எனக்குச் சொல்லுங்க. புள்ளைய வெளிய அனுப்பாதீங்க" என்றாள்.

அந்த மாதத்தோடு வேலை போயிற்று.

"நீங்க நல்லாத்தான் சமைக்கறீங்க. ஆனா பார்ட்னர்ஷிப் கெட்டுடும்" என்றாள் சௌம்யா.

"அதுல புள்ளைங்க எந்தப் பக்கம் மேடம்?"



கோமளம் இப்போது அல்சூரில் ஒரு மெஸ்ஸில் சமைக்கிறாள். ஞாயிறுகளில் பிள்ளைகளைப் பார்க்க விடுதிக்குப் போவாள். முதல் தடவை, உள்ளே விடக்கூடாதென்று உத்தரவு என்றான் காவலாளி. வாசலிலேயே உட்கார்ந்துகொண்டாள். பிள்ளைகள் ஒவ்வொருத்தியாக வெளியே வந்து அவளைச் சுற்றி உட்கார்ந்தார்கள். அதற்குப் பிறகு அவளை யாரும் தடுக்கவில்லை.