பூட்டிய கடைக்குள் எங்கள் கடவுச்சீட்டுகள்

கொழும்பில் இருப்பவர்களுக்குச் சென்னை தூரமில்லை. சேலை எடுக்கவும் கண் காட்டவும் போய்வருகிறார்கள். நாங்கள் போக நினைத்தது என் அண்ணாவைப் பார்க்க. போர்க்காலத்தில் இளைஞனாகக் கனடாவுக்குத் தப்பிப் போனவர். அந்நாட்டுக் குடியுரிமை கிடைத்த பிறகும் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் வந்து இறங்கும் துணிவு அவருக்கு வரவில்லை. இப்போது இதய சத்திரசிகிச்சைக்கு நாள் குறித்திருந்தார்கள். அதற்கு முன் ஒரு கிழமையாவது சென்னையில் ஒரே ஹோட்டலில் தங்குவோம் என்று பேசிக்கொண்டோம்.

எங்கள் பயண ஏற்பாட்டைக் கொட்டாஞ்சேனையில் எங்கள் வீதி முனையிலிருந்த முகவரிடம் ஒப்படைத்தோம். மாதா கோயில் ஞாயிறு பூசையில் எங்களுக்கு முன் வாங்கில் இருப்பவர். விமானச் சீட்டு, ஹோட்டல், விசா எல்லாம் தன் பொறுப்பு என்றார். பணத்தோடு இருவரின் கடவுச்சீட்டுகளையும் கொடுத்துவிட்டு வந்தோம்.

பயணத்துக்கு ஒரு மாதம் இருக்கையில், துறைமுகத்தில் வேலை செய்யும் கீழ்வீட்டுக்காரர் என்னைப் படியில் மறித்தார்.

“அந்த ட்ராவல் ஏஜன்ட் தன்ர வானை வித்திட்டாராம், தெரியுமே?”

“பழைய வான்தானே.”

“வேளாங்கண்ணிப் பயணத்தையும் ரெண்டாந்தரம் தள்ளிப் போட்டாச்சு. என்ர மச்சாள் உடுப்பைப் பெட்டியில அடுக்கிறதும் திருப்பி எடுக்கிறதுமா இருக்கிறா.”

அன்றிலிருந்து பத்திரிகை வாங்கப் போகும்போதெல்லாம் முகவரின் கடையைக் கவனித்தேன். முதலில் ஏசி நின்றது. கண்ணாடிக் கதவுக்குக் கல் வைத்துத் திறந்துவிட்டிருந்தார்கள். பிறகு தொலைபேசி எடுக்கும் பெண்ணைக் காணவில்லை. நிறுவனங்கள் சரிந்த கதைகளை நிறைய வாசித்திருக்கிறேன். வாசிக்கும்போது, இவ்வளவு அடையாளம் தெரிந்தும் மக்கள் ஏன் சும்மா இருந்தார்கள் என்று எரிச்சல் வரும்.

“காசு போனாப் போகட்டும். பாஸ்போட்டையாவது வாங்குங்கோ,” என்றாள் மனைவி.

கோயிலில் கை கொடுக்கும் மனிதரிடம் அப்படிக் கேட்பது, அவரை முகத்துக்கு நேரே கள்ளன் என்பதற்குச் சமம். ஆகவே வங்கிக்குப் பிரதி எடுக்க வேண்டும் என்று ஒரு பொய்யைத் தயார் செய்துகொண்டு இருவருமாகப் போனோம்.

முகவர் எழுந்து நின்று வரவேற்றார். “அண்ணை, அது விசா ஒபிசில கிடக்கு. அக்கா, ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ. சூட்கேசைக் கட்டுங்கோ.” ஆளனுப்பிச் சோடா வாங்கித் தந்தார். குடித்தோம்.

திரும்பி வரும் வழியில் மனைவி சொன்னாள்: “ஃபேனுக்குக் கீழ இருந்தும் அந்தாளுக்கு வேர்த்து ஊத்தினதைப் பாத்தீங்களே?”

அன்றே அண்ணாவுக்கு எல்லாவற்றையும் சொன்னேன். “டிக்கெட்டைத் தள்ளிப் போடேலாதோ அண்ணா?”

“தள்ளினா ஒப்பரேஷன் வந்திடும். நான் வாறன். நீ வராட்டி உன்ர பங்கு இட்லியையும் நான் சாப்பிடுறன்,” என்று சிரித்தார்.

அவர் புறப்படும் கிழமையில் கடை திறக்கவில்லை. முகவரின் வீடும் பூட்டியிருந்தது. விசா அலுவலகத்தில் விசாரித்தேன். எங்கள் கடவுச்சீட்டுகள் அங்கே வரவேயில்லை. அவை கடையின் இழுத்துப் பூட்டிய இரும்புக் கதவுக்குப் பின்னால், ஏதோ ஒரு மேசை லாச்சிக்குள் கிடந்திருக்க வேண்டும். நீதிமன்ற உத்தரவு இல்லாமல் கதவைத் திறக்க முடியாது என்றார் பொலிஸ் சார்ஜன்ட். “லபன சுமானே என்ன, மஹத்தயா,” என்று சிங்களத்தில் அடுத்த கிழமை வரச் சொன்னார். புதிய கடவுச்சீட்டுக்கோ அந்த நாட்களில் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். கடன் வாங்கிப் புது விமானச் சீட்டு எடுக்கலாம் என்ற கடைசி யோசனையும் அதோடு செத்தது.

அண்ணா சென்னையில் இறங்கினார். ஹோட்டல் அறையிலிருந்து கைபேசியில் முகத்தைக் காட்டினார். மெலிந்திருந்தார். “பக்கத்து அறையில ஆரோ கலியாண வீட்டுக்காரர். ஒரே சத்தம். நீங்கள் எண்டா இதைவிடக் கூடச் சத்தம் போட்டிருப்பீங்கள்,” என்றார்.

ஒவ்வோர் அழைப்பின் திகதியையும் நாட்குறிப்பில் எழுதுபவன் நான். கனடா என்றால் அங்கே ஒரு நாள், இங்கே ஒரு நாள் என்று இரண்டு திகதி எழுத வேண்டி வரும். அந்தக் கிழமை முழுவதும் ஒரே திகதி, ஒரே நேரம். எங்களுக்கு விடியும்போது அவருக்கும் விடிந்தது. விமானத்தில் ஒன்றரை மணித்தியாலம்கூட இல்லாத தூரத்தில் இருந்துகொண்டு அவர் கைபேசிக்குள் தேநீர் குடித்தார்.

கடைசி நாள், விமான நிலையத்துக்குக் கார் வரக் காத்திருந்த நேரமும் பேசிக்கொண்டிருந்தோம்.

“சரி, வை தம்பி,” என்றார்.

“நீங்கள் வையுங்கோ அண்ணா.”

இருவரும் வைக்கவில்லை. அங்கே, ஹோட்டலுக்குக் கீழே கார் வந்து ஹோர்ன் அடித்தது எனக்கும் கேட்டது.