சேர்த்துட்டா பெருக்குவாங்க?

போன ஞாயிற்றுக்கிழமை காலை. ஹாலைப் பெருக்கிக்கொண்டிருந்தேன். உள் அறையிலிருந்து மகள் யாழினியின் அலறல்.

"அம்மா... லாக் போயிடுச்சும்மா!"

பாத்ரூம் தாழ்ப்பாளாகத்தான் இருக்கும். மாற்றச் சொல்லி எத்தனை நாளாகக் கத்துகிறேன் - இந்த வீட்டில் என் பேச்சை யார் கேட்கிறார்கள்? ஒரு கையில் சாவிக்கொத்து, இன்னொரு கையில் துடைப்பம். ஓடினேன். பார்த்தால்... மேஜை முன்னால் உட்கார்ந்து அழுதுகொண்டிருக்கிறாள். எதிரே ஒரு சர்க்யூட் போர்டு, லேப்டாப். எந்தக் கதவுக்கும் ஒன்றும் ஆகவில்லை.

யாழினி எலக்ட்ரானிக்ஸ் கடைசி வருஷம். இங்கே லாஸ்பேட்டையில்தான் காலேஜ். புதன்கிழமை ப்ராஜெக்ட் வைவா, வாய்மொழித் தேர்வு. தேறினால் பெங்களூரில் வேலை தயார். தேறாவிட்டால் அந்த வேலை வேறு யாருக்கோ போய்விடும்.

முந்தின நாள் கடலோரம் வைத்திக்குப்பம் வரை போய் வஞ்சிரம் மீன் வாங்கி வந்து வறுத்து வைத்தேன். தொடவில்லை. வஞ்சிரத்தையே இவள் தொடவில்லை என்றால் விஷயம் முற்றிவிட்டது என்று அர்த்தம்.

"என்னடி லாக்கு? எனக்குப் புரியற மாதிரி தமிழ்ல சொல்லு."

"உனக்குப் புரியாதும்மா."

"வாராவாரம் பத்திரிகையில எழுதி ஊருக்கே புத்தி சொல்றேன், எனக்குப் புரியாதா? சொல்லுடி."

மூக்கை உறிஞ்சிக்கொண்டே சொன்னாள். டிஜிட்டல் ஃபேஸ் லாக்டு லூப் என்று பெயராம். வெளியிலிருந்து ஒரு சிக்னல் ஏதோ ஒரு தாளத்தில் வரும். லூப் தன் தாளத்தை அதோடு ஒட்டிவைத்துக்கொள்ள வேண்டும். ஒட்டிவிட்டால் அதுதான் லாக்.

"மொதல்ல பேண்ட்வித்தை, அதாவது லூப் காது குடுக்கற அளவை, அகலமா வெக்கணும்மா. அப்பதான் சட்டுனு புடிக்கும். ஆனா அகலமா இருந்தா, சும்மா வர்ற இரைச்சலுக்கெல்லாம் பதறும். அதனால புடிச்சப்புறம் குறைக்கணும். நான் குறைச்ச உடனே புட்டுக்குது!"

"சின்னப் புள்ளையில சண்டே மார்க்கெட்ல நீ தொலைஞ்சப்ப நான் பதறினேனே, அது மாதிரியா?"

"ஆமாம்மா. ஆனா, நான் கெடச்சப்புறமும் நீ பதறிக்கிட்டேதான் இருந்த."

அழுகையிலும் வாய்க்குக் குறைச்சல் இல்லை! சரி, எப்படித்தான் குறைக்கிறாய் என்று கேட்டேன்.

"எவ்ளோ பிசகுதுன்னு ஒவ்வொரு தடவையும் பாக்கும்மா. அந்தப் பிசகையெல்லாம் சேர்த்து வெக்கறேன். சேர்த்து வெச்சதை ஒரு நம்பரால பெருக்கறேன். அந்த நம்பரைக் குறைச்சா பேண்ட்வித் குறையும்."

கையில் துடைப்பத்தோடு நிற்கிறவளிடம் இப்படிச் சொன்னால்?

"நல்லா இருக்குடி! சேர்த்துட்டா பெருக்குவாங்க? பெருக்கிட்டுதானே சேர்ப்பாங்க? இது கூடத் தெரியாம நீ பெங்களூர் போயி..."

சத்தியமாக நான் குப்பையைத்தான் சொன்னேன்.

யாழினி என்னையே பார்த்தாள். திட்டப்போகிறாள் என்று நினைத்தேன்.

"அம்மா... இன்னொரு தடவை சொல்லு."

சொன்னேன். சட்டென்று லேப்டாப் பக்கம் திரும்பி, எதையோ மேலும் கீழுமாக இடம் மாற்றினாள். போர்டை மறுபடி ஓடவிட்டுப் பார்த்தாள். அடுத்த நிமிஷம் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு குதிக்கிறாள்!

"இதுவரைக்கும் சேர்த்து வெச்சதுதாம்மா அதுக்குத் தெரிஞ்சதெல்லாம். நான் கடைசில பெருக்கினதால, நம்பரைக் குறைச்சதும் அத்தனையும் ஒரே அடியா சுருங்கிடுச்சு. பெருக்கிட்டு சேர்த்தா, பழசு அப்படியே இருக்கும். இனிமே வர்ற பிசகை மட்டும் சின்னதா எடுத்துக்கும்."

நாமும் இந்தத் தப்பைத்தானே செய்கிறோம்? பிள்ளை ஒருநாள் போனை எடுக்கவில்லை - உடனே, 'உன்னை வளர்த்ததே வீண்!' பிசகு என்னவோ ஒரு மிஸ்டு கால்தான். ஆனால் பெற்று வளர்த்த அத்தனை வருஷத்தையும் அன்றைய கோபத்தால் பெருக்கி ஒன்றுமில்லாமல் சுருக்கிவிடுகிறோம். புருஷன் பெண்டாட்டி சண்டையிலும் இதே கணக்குதான், வேறென்ன?

அன்று மத்தியானம் மிச்ச வஞ்சிரமெல்லாம் காலி. நான்தான் சரியாகச் சாப்பிடவில்லை. இந்த வேலை கிடைக்காமலே போனால் என்ன, இவள் இங்கேயே இருப்பாளே என்று மனசின் ஒரு மூலை நினைத்துக்கொண்டுதான் இருந்தது. உங்களிடம் மறைப்பானேன்? சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி! பெற்ற பெண்ணை ஊரைவிட்டு அனுப்புகிற வார்த்தையை நானே என் வாயால் சொல்லித் தொலைத்திருக்கிறேன். சந்தோஷமாகவும் இருந்தது, வருத்தமாகவும் இருந்தது.

புதன்கிழமை காலையிலிருந்து ஒரு வேலையும் ஓடவில்லை. போனை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். மத்தியானம் அவளே கூப்பிட்டாள்.

"அம்மா! வெளியிலேருந்து வந்த எக்ஸாமினர் எதிர்லயே பேண்ட்வித்தைக் குறைச்சேன். லாக் போகவே இல்லம்மா! பாஸு! அடுத்த மாசம் பெங்களூர் கெளம்பணும்!"

போனைக் காதில் வைத்தபடியே காலண்டரில் அடுத்த மாசத்தைப் புரட்டினேன்.

"அம்மா? அம்மா... லைன்ல இருக்கியா?"

"இருக்கேன்டி. நான் எங்க போயிடப்போறேன்!"