ஒல்லாந்துக்காரர் ஆடாத ஆட்டங்கள்

டென்னிஸ் ஆடிய ஒல்லாந்துக்காரர் ஒருவரின் ஆட்ட வாழ்க்கையை நான் இரண்டு வருடம் நீட்டி வைத்திருந்தேன். அது அவருக்கே தெரியாது. ஊருலகம் அறிய அவர் ஆட்டத்தை விட்டுவிட்டார். ஆக்லாந்தின் மவுண்ட் ஆல்பர்ட்டில் நாங்கள் வாடகைக்கு இருந்த மரவீட்டில் மட்டும் விடாமல் ஆடிக்கொண்டிருந்தார்.

தொடங்கி வைத்தவர் அம்மா. அவருடைய ஒரே தம்பி, என் மாமா, அகதியாக ஒல்லாந்துக்குப் போயிருந்தார். முதலில் மாதம் ஒரு கடிதம் வந்தது, பிறகு நின்றுபோனது. அம்மா போட்டவையும் திரும்பி வந்தன. அந்த நேரத்தில்தான், ஜனவரிப் போட்டிக்கு ஒல்லாந்துக்காரர் ஒருவர் ஆக்லாந்துக்கு வருகிறார் என்று நான் அம்மாவுக்கு ஆங்கிலப் பேப்பரை வாய்விட்டு வாசித்தேன். எனக்குப் பத்து வயது.

யார் எந்த நாட்டுக்குப் புறப்பட்டாலும் கையில் ஒரு பார்சலைக் கொடுத்துவிடுவது எங்கள் ஆட்களின் வழக்கம். போகிறவர் தமிழராக இருக்க வேண்டும் என்ற சட்டம் அம்மாவிடம் இல்லை. முறுக்குச் சுட்டு, கடிதத்தையும் சேர்த்துக் கட்டினார்.

“ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்துக் கோட்டையையே கட்டினவங்கள். ஒரு கடிதம் கொண்டுபோகமாட்டாங்களே?” என்று அப்பா பகிடி விட்டார்.

அம்மா சிரிக்கவில்லை. “சின்ன நாடுதானே. விசாரிச்சால் ஆரும் சொல்லுவினம்.”

அப்பாவும் நானும் பார்சலோடு ஆட்டம் பார்க்கப் போனோம். முதல் ஆட்டத்திலேயே அவர் தோற்றார். முழங்காலில் கட்டுப் போட்டிருந்தார். கடைசிப் பந்து வலையில் விழுந்ததும் துவாயால் முகத்தை மூடிக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு வேலியோரம் நின்ற பிள்ளைகளுக்குக் கையெழுத்துப் போட்டுக்கொண்டே வந்தார். அப்பா கார் எடுக்கப் போயிருந்தார். என் பக்கத்தில் என் வகுப்புப் பையன்கள் இருவர் நின்றார்கள். பார்சலிலிருந்து எண்ணெய் வாசம் வந்தது. ஒருவன் மூக்கைப் பொத்தினான். ஒல்லாந்துக்காரர் என் முன்னால் குனிந்து கையை நீட்டியபோது, பார்சலை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு வெறுங்கையை நீட்டினேன். அவர் குலுக்கிவிட்டு நொண்டிக்கொண்டு போனார்.

முறுக்கைக் குப்பைத்தொட்டியில் போட்டேன். கடிதத்தைப் போட மனம் வரவில்லை. வீட்டில் என் உடுப்பு லாச்சியை இழுத்து, துணிகளுக்கு அடியில் வைத்தேன்.

“குடுத்தியே பிள்ளை?”

“ஓம் அம்மா.”

அடுத்த நாள் பேப்பரில், அவர் ஆட்டத்தை விட்டு வீட்டுக்குப் போகிறார் என்று ஒரு மூலையில் போட்டிருந்தது. “எப்ப வீட்டை போறானாம்?” என்று அம்மா கேட்டார். அவர் வீடு போய்ச் சேர்ந்தால் மாமாவின் பதில் வந்தாக வேண்டுமே. “இப்ப போகமாட்டாராம். அவுஸ்திரேலியாவில விளையாடுறாராம்,” என்றேன்.

பொய் சொன்ன வாய்க்குப் போசனம் கிடைக்காது என்பார்கள்; எனக்கு வேளாவேளைக்குக் கிடைத்தது. ஒவ்வொரு சனிக்கிழமையும் பேப்பரை விரித்து அம்மாவுக்கு அவருடைய ஆட்டத்தை வாசித்தேன். டோக்கியோவில் வென்றார், பாரிஸில் தோற்றார். அவரை வெகுதூரம் முன்னேற விட்டேன். கிண்ணம் மட்டும் கொடுக்கவில்லை, பேராசை கூடாது.

“பாவம் பெடியன், வீடு வாசல் பார்க்காமல் அலையுது,” என்பார் அம்மா. பிறகு அப்பாவிடம், “அவன் இன்னும் வீட்டை போகேல்லையாம். அதுதான் தம்பியின்ர பதில் வரேல்ல,” என்பார்.

பன்னிரண்டு வயதில் ஒருநாள் தாங்கமுடியாமல் எல்லாவற்றையும் சொல்லி அழுதேன். அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தார். கை நிற்கவில்லை.

“கடிதம் லாச்சியில கிடக்கிறது எனக்கு அந்தக் கிழமையே தெரியும்,” என்றார்.

அடி விழும் என்று காத்திருந்தேன். அம்மா, மடித்த என் சட்டையை உதறி, மறுபடி மடித்தார்.

“சரி, இந்தக் கிழமை எங்க விளையாடுறான்? இன்னும் வீட்டை போகேல்லைத்தானே?”

நான் சொன்னது அம்மாவுக்கு விளங்கவில்லையாக்கும் என்று நினைத்தேன். அவர் ஆட்டத்தை விட்டு வீட்டுக்குப் போய் இரண்டு வருடமாகிறது என்று, இன்னும் தெளிவாக, சத்தமாகச் சொன்னேன்.