வீடு பார்க்க வந்த மாமியார்

செல்போன் அலறியது.

ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் மூன்று மணி. மேசைமேல் கிடந்த போன் அதிர்ந்து அதிர்ந்து விளிம்புக்கு வந்து, நான் பிடிப்பதற்குள் தொப்பென்று கீழே விழுந்தது. எடுத்துக் காதில் வைத்தேன்.

"மேடம், சாம்பிள் ஃப்ளாட் ஆபீஸ்ல இருந்து பேசறேன். போன வாரம் வந்தீங்கல்ல? உங்க மாமியார் வந்திருக்காங்க. நீங்க எப்ப வரீங்க?"

"யாரு வந்திருக்காங்க?"

"உங்க மாமியார், மேடம். கொஞ்சம் சீக்கிரம் வாங்களேன், ப்ளீஸ். எங்களப் போட்டுத் திட்டறாங்க."

எனக்கு மாமியார் கிடையாது.

இந்த இடத்திலேயே உங்களில் பாதிப் பேர் உதட்டைப் பிதுக்குவீர்கள் என்று தெரியும். நானும் பிதுக்கியவள்தான். பேய்க்கதை எழுதுகிறவர்களைக் கண்டாலே எனக்கு இளக்காரம். அமாவாசை, நாய் ஊளை, கிரீச்சென்று திறக்கும் கதவு... அதே தட்டுமுட்டுச் சாமான்களை நூறு வருஷமாக வாடகைக்கு விட்டுப் பிழைக்கிறார்கள். எனக்கு நடந்ததில் அதெல்லாம் எதுவும் இல்லை. நல்ல வெயில். ஏ.சி. போட்ட அறை. கையில் ஓசி ஆரஞ்சு ஜூஸ். நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன். நம்பாதவர்கள் நம்பாமலே இருங்கள். உங்களுக்கும் சேர்த்து நான் நம்பித் தொலைக்கிறேன்.

நான் ஒரு பல் மருத்துவமனையில் உதவியாளர். வாரம் ஆறு நாளும் அடுத்தவர் வாய்க்குள் எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடித்துக்கொண்டு நிற்பது என் வேலை. என் கணவர் ஒரு மூக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்து ஃபிரேமில் பொருத்துகிறவர். கல்யாணமாகி ஒரு வருஷம். குடியிருந்தது மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், ஓர் ஒற்றை அறை. கட்டிலில் உட்கார்ந்தபடியே அடுப்பை அணைக்கலாம். வாசல் கதவைத் திறந்தால் பீரோவைத் திறக்க முடியாது. ராத்திரி நாங்கள் சிரிக்கிற சிரிப்பைத் தாங்காமல், கீழே குடியிருக்கும் வீட்டுக்காரம்மா விளக்குமாற்றுக் கட்டையால் தன் கூரையை இடிப்பார். அந்த அறையும் அந்தச் சிரிப்பும்தான் எங்கள் சொத்து. வேறு எதுவும் இல்லை. வேண்டும் என்றும் தோன்றியதில்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்தால் வீடு பார்க்கப் போவோம். வாங்குகிற மூஞ்சியா எங்களுடையது? சிரிக்கத்தான் போவோம்.

புதிதாக அடுக்குமாடி எழும்புகிற இடத்திலெல்லாம் ஒரு மாதிரி வீடு ஜோடித்து வைத்திருப்பார்கள். உள்ளே போய்ப் பாருங்கள். டி.வி. வெறும் அட்டை. கூடையில் பிளாஸ்டிக் ஆப்பிள். அலமாரியில் புத்தகங்களுக்கு முதுகு மட்டும்தான் உண்டு. குழாயைத் திருகினால் காற்றுகூட வராது. அறை பெரிதாகத் தெரிய வேண்டும் என்று கட்டிலைக் குட்டையாகச் செய்து போட்டிருப்பார்கள். என் கணவர் படுத்தால் பாதிக் கால் வெளியே தொங்கும். இந்தப் பொம்மை வீட்டைப் பார்த்து வாயைப் பிளந்து, பிளாஸ்டிக் ஆப்பிளைக் கடிப்பதுபோல் போட்டோ எடுத்துக்கொள்ளும் ஜனங்கள் இருக்கிறார்களே... அங்கே கொடுக்கும் ஓசி ஜூஸ் புரையேறும் எங்களுக்கு.

இவர் கடையிலிருந்து ஒரு தங்க ஃபிரேம் கண்ணாடியை ஞாயிறு மட்டும் இரவல் கொண்டு வருவார். மாட்டிக்கொண்டால் முதலாளி. அன்று முழுக்க நான் அவரை அப்படித்தான் கூப்பிடுவேன்.

"முதலாளி, இந்த பெட்ரூம் எப்படி?"

"நம்ம நாய்க்குப் பத்துமான்னு பாரு."

கூட வரும் விற்பனைப் பையனின் முகம் கழுத்து டையைவிட நீளமாகத் தொங்கும்.

இரண்டாவது வீட்டில்தான் மாமியார் பிறந்தார். அங்கே ஒருவன் ஜவ்வாக ஒட்டிக்கொண்டான். இன்றைக்கே பதிவு செய்தாக வேண்டும் என்று பேனாவைத் திறந்து இவர் கையில் திணித்தேவிட்டான். இவர் திருதிருவென்று முழித்தார். அப்புறம் சொன்னார்:

"அம்மா வந்து பாக்கணும், தம்பி. அவங்களுக்கு லேசுல எதுவும் பிடிக்காது."

தெருவுக்கு வந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். இவருக்கு அம்மா கிடையாது. இவர் பிறந்த வாரமே அம்மா இறந்துவிட்டார். ஒரு போட்டோகூட இல்லை. வளர்த்தது அத்தை. அம்மாவைப் பற்றிக் கேட்டால் அத்தை பேச்சை மாற்றிவிடுவாராம்.

அதன் பிறகு எல்லா வீட்டுக்கும் அந்த அம்மாவையும் கூட்டிப் போனோம். பெற்றது இவர் என்றால், வளர்த்தது நான். கை விரலில் பெரிய மோதிரம் போட்டுவிட்டேன். அந்த மோதிரத்தால் சுவரைத் தட்டிப் பார்ப்பார்... டொக். கொஞ்சம் நிறுத்தி, டொக். டொக். மேலெல்லாம் தைல வாசனை. பிடிக்காவிட்டால் வாயைத் திறக்கமாட்டார். மூக்கால் ஒரு "ஹ்ம்". அந்த "ஹ்ம்"மை நான் செய்து காட்டினால் இவர் ரோட்டில் உட்கார்ந்துவிடுவார்.

"எங்க மாமியாருக்கு இந்த கிச்சன் சரிப்படாதுங்க" என்பேன். "ரெண்டு பேர் உள்ள போனா ஒருத்தர்தான் உயிரோட வெளிய வரணும்."

ஒருமுறை ஒரு விற்பனைப் பெண் பொறுக்கமாட்டாமல் கேட்டாள்: "எதுவுமே பிடிக்காதா? உங்களையாவது பிடிக்குமா, மேடம்?"

"என்னையா? பிடிக்காத லிஸ்ட்ல முதல் ஆளே நான்தான்!"

அதைச் சொல்லியிருக்க வேண்டாம்.

போன் செய்தவள் அதே பெண்தான். அந்த அலுவலகத்தில் பெயர் பொய், தொழில் பொய் சொல்லியிருந்தோம். முகவரி கொடுக்கவே இல்லை. பரிசுக் குலுக்கலுக்காக என் நம்பரை மட்டும் நிஜமாகக் கொடுத்திருந்தேன்.

"நம்மளக் கண்டுபிடிச்சிட்டாங்கடி" என்றார் இவர். "வரவழைச்சு மானத்த வாங்கப் போறாங்க."

"வாங்கட்டுமே. இருந்தாத்தானே வாங்க முடியும்? கண்ணாடிய மாட்டுங்க முதலாளி, போய் ஒரு கை பாத்துடலாம்."

நாலு மணிக்குள் போய்விட்டோம். அந்தப் பெண் வரவேற்பு மேசையில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். போன வாரம் பல்லெல்லாம் தெரியச் சிரித்தவள். இப்போது எங்களை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஆறாவது மாடில இருக்காங்க. நீங்களே கூட்டிட்டுப் போயிடுங்க. என் சம்பளத்துக்கு இவ்ளோ பேச்சு வாங்க முடியாது."

நல்ல நடிப்பு என்று நினைத்துக்கொண்டேன். ஜூஸை மட்டும் மறக்காமல் எடுத்துக்கொண்டேன்.

லிஃப்ட் கதவு திறந்தது. மாதிரி வீடு திறந்தே கிடந்தது. வெயில் கூடம் முழுக்க விழுந்திருந்தது. அட்டை டி.வி., பிளாஸ்டிக் ஆப்பிள், முதுகு மட்டும் உள்ள புத்தகங்கள். எல்லாம் போன வாரம் இருந்தபடியே.

தைல வாசனை வந்தது.

"செட்டப்ப பாருங்க" என்றேன். "செலவு பண்ணியிருக்காங்க."

இவர் சிரிக்கவில்லை.

சமையலறையில் சொட்டுச் சொட்டாக ஒரு சத்தம். எட்டிப் பார்த்தேன். தண்ணீர் இணைப்பே இல்லாத அந்தக் குழாய்க்குக் கீழே, தொட்டி ஈரமாக இருந்தது. யாரோ கை கழுவியதுபோல...

திரும்பினேன். மேசையில் ஓர் ஆப்பிள் கூடையை விட்டு வெளியே இருந்தது. அதில் பல் பதிந்திருந்தது. தினமும் பல் அச்சு பார்க்கிறவள் நான். மேல் வரிசையில் இரண்டு பல் இல்லாத வாய். வயதான வாய்.

கடித்துப் பார்த்துத் துப்பியிருக்கிறார்கள்.

டொக்.

படுக்கையறையிலிருந்து.

டொக். டொக்.

மோதிரம் சுவரில் படும் சத்தம். அந்த இடைவெளி நான் வைத்தது. ஒன்று... கொஞ்சம் நிறுத்தி... இரண்டு. எத்தனை முறை நடித்துக் காட்டியிருப்பேன்!

இவர் கதவைத் தள்ளினார்.

யாரும் இல்லை.

குட்டைக் கட்டில். விரிப்பின் நடுவே ஒரு பள்ளம். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தப் பள்ளம் மெல்ல... மெல்ல... மேலே எழுந்து சமமானது.

யாரோ எழுந்துகொண்டார்கள்.

என் கையிலிருந்த ஜூஸ் தளும்பிப் பாதத்தில் கொட்டியது. அதன் குளிர்ச்சி இன்னும் நினைவிருக்கிறது.

தைல வாசனை எங்களைச் சுற்றி வந்தது. ஒருமுறை. என் கழுத்துக்குப் பின்னால் நின்றது.

"ஹ்ம்."

நான் கற்றுக்கொடுத்த "ஹ்ம்".

பிறகு குரல். மெதுவாக. அவ்வளவு இளக்காரமாக.

"நல்லாவே இல்ல."

இவர் குரல் வந்த பக்கம் திரும்பினார். கேட்டிருக்கக் கூடாது. கேட்டுவிட்டார்.

"எதும்மா?"

தைல வாசனை என் கழுத்தை இன்னும் நெருங்கியது.

"இவ."

ஓடினோம்.

லிஃப்டுக்குக் காத்திருக்கவில்லை. ஆறு மாடிப் படியையும் எப்படி இறங்கினோம் என்று தெரியாது. கீழே அந்தப் பெண் எழுந்து நின்றாள்.

"அம்மா எங்க?" என்றாள். அவள் கண்ணில் நடிப்பே இல்லை.

நிற்காமல் தெருவில் விழுந்தோம்.

அன்றோடு வீடு பார்க்கும் விளையாட்டு நின்றது. என் நம்பரை மாற்றினேன். தங்கக் கண்ணாடி கடைக்குப் போய்விட்டது. ஞாயிறுகளில் ஊரில் உள்ள எல்லாச் சாதாரண ஜோடிகளையும்போலப் பூங்காவுக்குப் போனோம். பாப்கார்ன் கொறித்தோம். படகில் ஏறினோம். கிண்டல் செய்ய யாராவது கிடைத்தால் வாயை மூடிக்கொண்டோம். பயந்தவர்கள் எவ்வளவு நல்லவர்களாகிவிடுகிறார்கள்! எனக்கே என்னைப் பார்க்கச் சகிக்கவில்லை.

மெல்ல மெல்லச் சிரிப்பும் திரும்பியது. அதாவது, இவருக்குத் திரும்பியது. வேலைக்குக் கிளம்பும்போது சீட்டி அடித்தார். என் காதில் விழாத ஏதோ ஒன்றுக்கு மண்டையை ஆட்டிச் சிரித்தார்.

சின்னச் சின்ன விஷயங்கள் மட்டும் உறுத்தின.

பூங்காவிலிருந்து திரும்பிய ஒரு மாலை, அடுப்புப் பக்கம் இருந்த என் உப்பு ஜாடி மேல் தட்டுக்குப் போயிருந்தது. எனக்கு எட்டாத தட்டு. கட்டிலில் என் தலையணை மட்டும் தரையில் கிடந்தது. கட்டில் தலைமாட்டுச் சுவரில், சுண்ணாம்பு உதிர்ந்து மூன்று சின்னப் புள்ளிகள்.

"சுவத்துல இது என்னங்க?"

"பழைய சுவருடி. உதிரத்தான் செய்யும்."

இன்னொரு நாள் இவர் காபி போட்டார். மூன்று தம்ளர்.

"மூணு எதுக்கு?"

இவர் தம்ளர்களைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"தெரியல. கை பாட்டுக்குப் போட்டிருச்சு."

மூன்றாவது தம்ளரைக் கீழே கொட்டச் சொன்னேன். இவர் கொட்டவில்லை. மூடி வைத்தார்.

மூன்றாவது ஞாயிறு. பூங்காவிலிருந்து வந்தோம். மாலை ஆறு மணி. இன்னும் வெளிச்சம் இருந்தது. இவர் இரண்டிரண்டு படியாகத் தாவி மேலே ஏறிப் போய்விட்டார். அப்படி என்ன அவசரமோ. நான் மூச்சு வாங்கிக்கொண்டு பின்னால் ஏறினேன்.

கடைசி மாடியில் வீட்டுக்காரம்மா கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். கையில் எங்கள் அறையின் மாற்றுச் சாவியை மாட்டி வைக்கும் வளையம்; சாவி அதில் இல்லை. முகத்தில் எப்போதும் என்னிடம் காட்டும் அதே ஏளனம். இன்று ஒரு பிடி கூடுதல்.

"ஏம்மா, வயசானவங்க படியேறி வராங்க. ஒரு வாய் தண்ணி குடுக்கவாவது வீட்ல இருக்கக் கூடாதா? மூணு வாரமா நீங்க ஊர் சுத்தப் போனதும் வந்துடறாங்க. நான்தான் கதவத் திறந்து விடறேன். இன்னைக்கு சாவியையே குடுத்துட்டேன்."

"யா... யாருக்கு?"

"நடிக்காத. உன் மாமியாருக்குத்தான். பையனுக்குத் தெரியும்னு சொன்னாங்களே."

மேலே இவர் சிரிக்கும் சத்தம் கேட்டது. எங்கள் பழைய சிரிப்பு. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும் சிரிப்பு. அறையில் வேறு யாரும் இருக்க முடியாது.

டொக்.

டொக். டொக்.

வீட்டுக்காரம்மா அண்ணாந்து கூரையைப் பார்த்தார். விளக்குமாற்றை எடுக்கவில்லை. என் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"ஊர்ல இருக்கிற வீடெல்லாம் பாத்தாச்சாம், இது ஒண்ணுதான் அவங்களுக்குப் பிடிச்சிருக்காம்... நீ மட்டும் எப்போ காலி பண்றேன்னு கேட்டுச் சொல்லச் சொன்னாங்க."